தவக்காலத்தில் நிறுத்திய மாத்திரை

என் வீட்டுக்காரர் மரியராஜைப் போல ஒரு பிடிவாதக்காரரைக் காமயகவுண்டன்பட்டி பார்த்திருக்காது. கல்யாணமானதிலிருந்து நான் அவரைத் திட்டாத நாளில்லை. அவர் அதைக் காதில் வாங்கிய நாளுமில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆயிற்று. போன வருஷம், ரத்தத்தில் கொழுப்பும் ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தவக்காலம் தொடங்கிய இந்தச் சாம்பல் புதனன்று அதை நிறுத்திவிட்டார் மனுஷன். ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் கறி, மீன், எண்ணெய்ப் பலகாரம் எதையும் தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தார்.

"கொழுப்பே திங்கலேங்கும்போது கொழுப்பு மாத்திரை எதுக்கு?" என்றார்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! ஒருசந்தி என்று மத்தியானம் வரை பட்டினி கிடப்பார். பிறகு ஒரு சட்டிச் சோறு. சாயங்காலம் பசித்தால் எங்கள் தோட்டத்தில் விலைபோகாத திராட்சையைக் கொத்துக்கொத்தாகத் தின்பார். சர்க்கரைக்காரர் தின்கிற பண்டமா அது என்று கத்துவேன். பழம்தானே, தவக்காலத்துக்கு ஆகும் என்பார். எல்லாம் வீம்பு.

பெரிய வியாழனன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வலி முதுகு வரை பாய்ந்தது. வாந்தி நிற்கவில்லை. தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்த லேப் பெண் சொர்ணலதா கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து காட்டினாள். ரத்தத்துக்கு மேலே பால் ஊற்றியதுபோல வெள்ளையாக நின்றது. அத்தனையும் கொழுப்பு என்றாள்.

"இந்த மனுசன் கறியத் தொட்டே நாளாச்சு, தாயி," என்றேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், தின்ற சோற்றையும் பழத்தையும் ஈரலே கொழுப்பாக்கி ரத்தத்தில் விட்டுவிடுமாம். அந்த மாத்திரை அதைத்தான் மட்டுப்படுத்திக்கொண்டிருந்ததாம். இப்போது கொழுப்பு எகிறிப்போய்க் கணையம் வெந்துவிட்டது என்றார். அப்படியொரு உறுப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூக்கில் குழாயோடு கிடந்தவர் என் கையைப் பிடித்தார்.

"ஞானம், நான் ஒழுங்காத்தான இருந்தேன்?"

எத்தனையோ திட்டு நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாங்க. ஒழுங்காத்தான் இருந்தீக," என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டார். பாஸ்கா அன்றைக்குத் தெருவெல்லாம் கறிக்குழம்பு வாசம். எங்கள் வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் அவர் கிடந்தார்.

மறுநாள் அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் அவரைப் புகழ்ந்தார். தவக்காலம் முழுவதும் ஒரு நாள்கூட ஒருசந்தி முறிக்காத மனிதர் என்றார். கோவிலே தலையாட்டியது. எனக்கு எழுந்து நின்று வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும்போல் இருந்தது. யாரைத் திட்ட? நான் எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொண்டிருந்த ஒரே மனுஷன் பெட்டிக்குள் படுத்திருந்தார்.