படிக்க இயலாத விரல்கள்

நீதிமன்ற அலுவலகத்தில் லுர்லீன் வலது கட்டைவிரலை ரேகை இயந்திரத்தின் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து அழுத்தினாள். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டியது. இது நான்காம் முறை.

முப்பது ஆண்டுகள் சிப்பி உடைத்த கை அது. எங்கள் ஃப்ளோரிடாக் கரையில் அத்தொழில் செய்வோரின் விரல்நுனிகளைச் சிப்பி ஓடும் உப்பும் சேர்ந்து தேய்த்துவிடும், ரேகை மிஞ்சாது. அவள் ரேகைகள் இருமுறை தலைநகருக்குப் போய், படிக்க இயலவில்லை என்ற குறிப்போடு திரும்பியிருந்தன. குற்றப் பின்னணிச் சோதனை முடியாத எவரையும் நீதிபதி காப்பாளராக நியமிக்க மாட்டார். பதினொரு மணிக்கு விசாரணை. நினைவாற்றல் இழந்த அவளுடைய தாய்மாமன் ஈனாக் யாரோடு போவார் என்பது அப்போது முடிவாகிவிடும்.

எதிர்த்தரப்பில் பிரெண்டிஸ் கேலவே, முதியோருக்குத் தொழில்முறைக் காப்பாளர். அவர் பொறுப்பில் ஏற்கெனவே பதினேழு பேர். பொறுப்பேற்ற வாரமே வீட்டை விற்பார், நாயை விரட்டுவார், ஆளை நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் அடைத்து, உறவினர் பார்க்கவும் தடை வாங்குவார். யாவும் நீதிமன்ற அனுமதியோடுதான். பக்கத்து மாவட்டத்தில் மூன்று குடும்பங்கள் முறையிட்டபோது, வழக்கு எழுமுன் உடல்நலம் கருதி விலகிக்கொண்டார். ஆகவே அவருடைய சோதனை அறிக்கையில் ஒரு கரும்புள்ளியும் இல்லை. அதைக் கண்ணாடி உறையிலிட்டு மடியில் வைத்திருந்தார், ஞானஸ்நானம் பெற்ற குழந்தையைப் போல.

"ஏம்மா, கையை நல்லாக் கழுவிட்டு வந்திருக்கலாமே?" என்றார் கேலவே.

"கழுவிக் கழுவித்தான் இப்பிடி ஆச்சு. ஒரு நாளாவது வேலை செஞ்சிருந்தா உங்களுக்கும் ஆகியிருக்கும்."

எழுத்தர் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "இன்னொரு தடவை வைங்கக்கா. மிஷின் எடுத்துக்கிட்டா ஒரு வாரம் தவணை கேக்கலாம். இல்லேன்னா இன்னிக்கே தீர்ப்புதான்."

நான் ஈனாக்கின் பக்கத்து வீட்டுக்காரன். சாட்சி சொல்ல வந்திருந்த பழைய பள்ளி ஆசிரியன். வாய் சும்மா இருக்கவில்லை.

"மிஸ்டர் கேலவே, ஒரு காட்டுல ஓநாய்க்கு நன்னடத்தைச் சான்று குடுத்தாங்களாம். அதை மேய்ப்பனா வெச்ச நாள்லேருந்து ஒரு ஆடுகூட புகார் சொல்லலையாம்."

"கதை நல்லாருக்கு சார்," என்று அவர் மலர்ந்து சிரித்தார். "ஆனா சான்று சான்றுதானே?"

அவமானத்தையும் பாராட்டாக வாங்கிக்கொள்ளும் அந்தத் திறமைக்கு எந்த மாநிலத்தில் சோதனை நடத்துவது?

பிறகு அவர் எழுந்து ஈனாக்கின் சக்கர நாற்காலியின் முன் குனிந்து கையை நீட்டினார். "வாங்க ஈனாக், நாம ரெண்டு பேரும் நல்ல சிநேகிதங்க ஆகப்போறோம்."

நீட்டிய அந்தக் கையை ஈனாக் பற்றினார். முகங்களை அவர் மறந்து இரண்டாண்டாகிறது. மருமகளைக்கூட அவள் கையைத் தடவிப் பார்த்துத்தான் அறிவார். கேலவேயின் விரல்நுனிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நிதானமாக வருடினார். சதையில்லாத சிப்பியை ஒதுக்குவதுபோல அந்தக் கையைக் கீழே விட்டார். தம் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. லுர்லீன் கட்டைவிரலில் மூச்சை ஊதி, ஐந்தாம் முறையாகக் கண்ணாடியின்மேல் வைத்தாள்.