பயத்தம் பணியார டின்

கழிப்பறைக்குப் போகிற மனிதர் பலகார டின்னைக் கையோடு எடுத்துக்கொண்டு போவாரா? காருக்குள் உட்கார்ந்திருந்த மதுஷாவுக்கு இந்தக் கேள்வி எழ மூன்று நிமிடம் பிடித்தது. அதற்குள் அவளுடைய அப்பா செல்வராஜா, கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் கக்கத்தில் நீல பிஸ்கட் டின்னுமாக, அந்தப் பெரிய கட்டடத்தின் கண்ணாடிக் கதவுக்குள் மறைந்துவிட்டார்.

கதவுக்கு மேலே இருந்த எழுத்தை அவள் இரண்டு முறை வாசித்தாள். ஒருமுறை வாசித்ததை நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கசினோதான், சூதாட்ட விடுதி. கீழே சிறிய எழுத்தில், இது மாகாண அரசுக்குச் சொந்தமானது என்று போட்டிருந்தது.

விடிய ஐந்து மணிக்கு ஜெர்சி சிட்டியில் புறப்பட்டிருந்தார்கள். கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியப்பாவுக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டதாம். போய்ப் பார்க்க வேண்டுமாம். ஐந்து மாதத்தில் இது நான்காவது பயணம். முதல் மூன்று தடவையும் செல்வராஜா தானே தனியாக ஓட்டிப் போய் வந்தார். இந்தத் தடவை கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. பஸ்ஸில் போகிறேன் என்றார். அம்மா பத்மராணி சம்மதிக்கவில்லை. மகளை ஓட்டச் சொன்னாள்.

“உனக்கு வகுப்பெல்லே, பிள்ளை?” என்று அவர் முதல் நாளே தடுத்துப் பார்த்தார்.

“வகுப்பு திங்களும் புதனும், அப்பா. நாளைக்குச் சனி.”

“படிக்கக் கிடக்குமே?”

“படிச்சிட்டன்.”

அதற்குப் பிறகு பஃபலோ தாண்டும்வரை அவர் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கனடா எல்லையில் நயாகராப் பாலத்தைக் கடந்ததும்தான் வாய் திறந்தார். “உதில ஒருக்கா நிப்பாட்டு. எனக்கு அவசரம். நீ வேணுமெண்டால் அருவியைப் பார்.”

மதுஷா காரைப் பூட்டிவிட்டு இறங்கினாள். அருவியின் இரைச்சல் வாகனத் தரிப்பிடம்வரை கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெப்ரவரி மாதத்தில் அம்மா பெட்டி கட்டியிருந்தாள். நியூஜெர்சியின் சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிட்டியிலிருந்து அப்பா இரண்டு நாள் வீட்டுக்கு வராமல், அவருடைய கடையும் பூட்டிக் கிடந்த வாரம் அது. லண்டனில் இருக்கும் தங்கையிடம் போய்விடுவதென்று அம்மா முடிவு செய்துவிட்டாள். மதுஷாதான் குறுக்கே விழுந்தாள். தன்னை உள்ளே விடாதீர்கள் என்று சூதாடுகிறவரே எழுதிக் கொடுக்கும் பட்டியல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். விண்ணப்பத்தை வரி வரியாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் ஒரு சரி போட்டாள். அவர் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வைத்தார்.

“இனி எந்தக் கசினோக்குள்ளயும் அவர் கால் வைக்கேலாது. நான் சொல்லுறன், அம்மா.”

பத்மராணி மகளின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். “உன்ர அப்பாவை நம்பி இல்லை. உன்ர சொல்லை நம்பித்தான் பெட்டியைத் திறக்கிறன். இன்னொருக்கா எண்டால் ஒரு நிமிஷம் இருக்கமாட்டன்.”

அன்றிலிருந்து அந்த வீடு மதுஷாவின் ஒரு சொல்லில் நின்றுகொண்டிருந்தது. சரியாகத்தான் வாசித்தேனா என்று அவள் இரவில் எழுந்து அந்த விண்ணப்பத்தின் பிரதியைப் புரட்டிய நாள்களும் உண்டு.

உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது அப்பா அல்ல, டின். உறுப்பினர்களுக்கான மேசையின் மேல் மூடி திறந்தபடி இருந்தது. மேசைக்குப் பின்னால் அவள் வயதுப் பெண் ஒருத்தி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் தென்றல்.

“இந்த டின் உங்களிட்ட எப்பிடி வந்தது?” மதுஷா தமிழிலேயே கேட்டாள்.

“ஓ, நீங்களும் தமிழா? செல்வா அங்கிள் தந்தவர். எவ்ரி டைம் கொண்டு வருவார். அன்ரியின்ர பயத்தம் பணியாரம், ஓ மை காட்! ஒண்டு ட்ரை பண்ணுறீங்களா?”

“எவ்ரி டைம் எண்டால் எத்தனை தரம்?”

“நாலு? ஃபெர்ஸ்ட் டைம் முறுக்கு. பிறகு அரியதரம். போன மாசம் எள்ளுருண்டை, ஐ திங்க்.”

முறுக்கு, அரியதரம், எள்ளுருண்டை, பணியாரம். வரிசை தப்பவில்லை. அம்மா அடுப்படியில் நின்று சுட்ட அதே வரிசை. எல்லாம் பெரியம்மாவுக்கு என்று சுட்டது.

பெரியப்பா வீட்டோடு நான்கு வருடமாகப் பேச்சில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாண அழைப்பிதழைக் கையில் தராமல் தபாலில் அனுப்பினார்கள் என்று தொடங்கிய கோபம். கணவர் தமையனைப் பார்க்கப் போகிறார் என்றதும் பத்மராணிதான் முதலில் இறங்கி வந்தாள். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? டின் டின்னாகக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தொலைபேசி அடிக்கும் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை. ‘வாங்கித் தின்னத் தெரியுது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியேல்ல. அவ்வளவு கொழுப்பு’ என்று திட்டிக்கொண்டே அடுத்த டின்னுக்கு மா வறுத்தாள். ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தால் அந்த மனுஷியின் வாய் தானாகத் திறக்கும் என்பது அவள் கணக்கு.

“அவரை இங்க விடாமல் செய்ய என்ன செய்யோணும்? நான் அவற்ற மகள்.”

தென்றலின் சிரிப்பு நின்றது. “அவரே வந்து கேக்கோணும். ஃபேமிலி கேட்டா எங்களால ஏலாது. சொறி. அதுதான் ரூல்.”

“அவர் கேக்கிறதெண்டால் நான் ஏன் வாறன்?”

“ஐ நோ. பட்...”

“உங்களுக்கு ரூலும் வேணும், பணியாரமும் வேணும், என்ன?”

அந்தப் பெண் முகம் சிவந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “இதை அவரிட்டக் குடுத்துப் பாருங்கோ. சைன் பண்ணினா நான் உடன போட்டுடுவன். ப்ரொமிஸ்.”

செல்வராஜா மூன்றாவது வரிசையில், மீன் படம் போட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றியிருந்தார். வெளிச்சம் பார்க்கக் கூடாத கண், விளக்குகளுக்கு முன்னால் நீர் வழியத் திறந்திருந்தது.

“டொய்லெட் இதுக்குள்ளயோ, அப்பா?”

அவர் திடுக்கிடவில்லை. “வந்திட்டியோ. அஞ்சு நிமிஷம் பொறு.”

“பெரியப்பாவுக்குப் பிரஷர் எண்டீங்கள்.”

“அவருக்கு எப்பவும் பிரஷர்தான்.”

“நீங்கள் சைன் வச்சனீங்கள்.”

“நியூஜெர்சியில வச்சனான். இது கனடா.” அவர் பொத்தானை அழுத்தினார். “நீதானே வாசிச்சுக் காட்டினனீ. மூண்டாம் பக்கம், மேல இருந்து நாலாவது வரி. ‘நியூஜெர்சி மாநிலத்துக்குள்’. வடிவா நிறுத்தி வாசிச்சாய்.”

அந்த வரிக்கும் அவள் சரி போட்டிருந்தாள். காது இரண்டும் சுட்டன. தெரியாத கதவை அவருக்குக் காட்டிக் கொடுத்தது தானேதானா?

“அதோட இது கவண்மென்ற்றின்ர, பிள்ளை. அங்க மாதிரி ஆரோ கோடீஸ்வரன்ர பொக்கற்றுக்குப் போறேல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகுது, பள்ளிக்கூடத்துக்குப் போகுது. ஊரில லொத்தர்ச் சீட்டுச் சபையை ஆர் நடத்தினது? கவண்மென்ற்தானே? பிழையான அலுவலெண்டால் கவண்மென்ற் செய்யுமோ?”

“அம்மாவுக்கு என்ன போகுது?”

“கொம்மா பேசாமல் இருந்தால் அவவுக்கு நிம்மதி போய்ச் சேரும்.”

“பெரியம்மாவுக்கு எண்டு குடுத்துவிட்ட பலகாரத்தை இங்க கொண்டுவந்து...”

“அவள் எங்களை மதியாதவள், அவளுக்கு ஏன்? அந்த மேசைப் பிள்ளை என்னை மதிக்குது. பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னது. நீ சொன்னனியே?”

ஒரு கணம் மதுஷாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொன்னேனா? பிறகு நினைவு வந்தது. ஜூலை ஒன்பது, காலை, தேநீருக்கு முன். வாழ்த்தோடு ஒரு கோடு போட்ட சட்டையும் கொடுத்தாள். அந்தச் சட்டையைத்தான் அவர் இப்போது போட்டிருந்தார்.

அவள் விண்ணப்பத்தை இயந்திரத்தின் விளிம்பில் வைத்தாள். “இதில சைன் வையுங்கோ. இல்லாட்டி நான் உங்களை விட்டிட்டுப் போறன். இருபது நிமிஷம்.”

அவர் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “நீயோ? பாலத்தில எந்தப் பக்கம் திரும்பிறதெண்டு மூண்டு தரம் கேட்டனீ. நீ போகமாட்டாய். போ, அருவியைப் பார்.”

தரிப்பிடத்தில் நின்று அம்மாவை அழைத்தாள். எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கிலேயே சொன்னாள். டின்னில் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் முடித்தாள். மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா பெட்டியைத் தேடப் போய்விட்டாள் என்றே மதுஷா நினைத்தாள்.

“அப்ப அக்காவுக்கு ஒரு டின்னும் போகேல்லையோ?” பெரியம்மாவை அம்மா மறுபடி அக்கா என்றாள்.

“இல்லை, அம்மா.”

“அஞ்சு மாசமா அந்த மனுஷியைத் திட்டாத நாளில்லை நான்.”

“என்னிலதான் பிழை. அந்த வரி இருந்தது. நான்தான் உங்களுக்குச் சரியாச் சொல்லேல்ல. நீங்கள் லண்டனுக்கு...”

“விசர்க்கதை கதையாத. பிழை விட்டவர் உள்ளுக்குக் குளிர்காத்தில இருக்கிறார், நீ வெளியில நிண்டு அழுறியோ?” அம்மா மூச்சை இழுத்துவிட்டாள். “நான் ஏன் லண்டனுக்குப் போகோணும்? வீட்டுத் திறப்பு ஆரிட்ட?”

மதுஷா கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். கார்ச் சாவியோடு வீட்டுச் சாவியும் தொங்கியது. அப்பாவுடைய கொத்து. “என்னட்ட.”

“உன்னட்டையே இருக்கட்டும். கேட்டால் அம்மா சொன்னவ எண்டு சொல்லு. டின்னை அந்த மேசைப் பிள்ளையிட்ட இருந்து வாங்கு. கொண்டுபோய் அக்காவிட்டக் குடு.”

இருபது நிமிடம் முடிந்தது. அவள் கைக்கடிகாரத்தைத் தொலைபேசியோடு ஒப்பிட்டாள். கடிகாரம் முந்தியிருக்கலாம் என்று இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்தாள். கண்ணாடிக் கதவு பலருக்குத் திறந்தது. அவருக்குத் திறக்கவில்லை.

காரிலிருந்து அவருடைய பாஸ்போர்ட்டையும் மேலங்கியையும் கண் சொட்டு மருந்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

“இதை அவரிட்டக் குடுங்கோ. மருந்து நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. நியூயோர்க் பஸ் எங்க நிக்குமெண்டு அவருக்குத் தெரியும். டின்னைத் தாங்கோ.”

“இதில ரெண்டு சாப்பிட்டிட்டன்,” என்றாள் தென்றல், தாழ்ந்த குரலில்.

“மூண்டு,” என்றாள் மதுஷா. அம்மா அடுக்கும்போது அவள் பக்கத்தில்தான் நின்றாள். டின்னை மூடி எடுத்துக்கொண்டாள்.

போகும்போது மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். விண்ணப்பம் வைத்த இடத்தில் இல்லை. எடுத்து வாசிக்கிறாரோ என்று கால் நின்றது. அது மடிக்கப்பட்டு, அவருடைய காப்பிக் கோப்பைக்கு அடியில் இருந்தது. அவள் நடந்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறியபோது தொலைபேசி அடித்தது. திரையில் ‘அப்பா’. திரும்பிவிடலாமா என்று நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இரண்டு வழிகளைப் பார்த்துக்கொண்டே கடந்தாள். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தாள்.

“எங்க நிக்கிறாய்? என்ர திறப்புக் கொத்து உன்னட்டையெல்லே?”

“ஓம். அம்மா சொன்னவ, என்னட்டையே இருக்கட்டுமாம்.”

அவர் கத்தத் தொடங்கினார். அவள் வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்கு ஸ்கார்பரோவில் பெரியம்மா கதவைத் திறந்தாள். மதுஷாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“என்ன, நாலு வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சதோ? கொம்மா அனுப்பினவவோ? இதென்ன, வெறும் டின்னோ?”

“பலகாரம், பெரியம்மா. பயத்தம் பணியாரம்.”

பெரியம்மா வாசலிலேயே மூடியைத் திறந்தாள். மேலடுக்கில் கிடந்த வெற்றிடத்தை விரலால் தொட்டாள்.

“அரைகுறையா அனுப்பியிருக்கிறாள். நல்லாயிருக்கு மரியாதை.”

அவள் வேண்டிய மட்டும் திட்டட்டும் என்று மதுஷா காத்து நின்றாள். பிறகு, முதல் டின்னின் முறுக்கிலிருந்து, ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினாள்.