கைதட்டித் தெரிவான தலைவர்

2017இல், ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டத் துருக்கியில் சர்வசன வாக்கெடுப்பு நடந்து ஒரு வாரம். இத்தாலியின் பலேர்மோவில், சீசாக் கோட்டைப் பக்கத்து மண்டபமொன்றில் ஈழத்தமிழரின் ஊர்ச்சங்க ஆண்டுக்கூட்டம். ஒன்பது வருடத் தலைவர் விக்னராஜா ஒலிவாங்கியை விடவில்லை.

"துருக்கியிலை ஒரு மனிசனிட்டை எல்லாத்தையும் தூக்கிக் குடுத்திட்டுதுகள். மூளையில்லாத சனம்!"

வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை என்று உறுப்பினர் வரிசையிலிருந்த குகனேஸ்வரி பல்லைக் கடித்தாள்.

வழக்கம்போலச் செயலாளர் எழுந்தார். "பழைய நிர்வாகமே தொடரட்டும். கைதட்டுங்கோ."

பின்னால் கொத்துரொட்டி மணத்தது. சனம் அவசரமாகத் தட்டியது. பழக்கதோசத்தில் அவளும் தட்டினாள். தலைவர் கூச்சப்படுபவர்போலக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் அவளை எழுப்பியது.

"அண்ணை, அந்த மூளையில்லாத சனத்துக்கு வேண்டாமெண்டு குத்தவும் ஒரு சீட்டுக் குடுத்தவங்கள். நாங்கள் கொத்துரொட்டி ஆறிப்போமெண்டெல்லோ கைதட்டினனாங்கள்."