நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தவர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தக் காசில் காமிக்ஸ் போடுகிறவர்களைத் தேடிப் போய்ப் பேசி, அதை ஃபேஸ்புக்கில் எழுதுவேன். பன்னிரண்டாவது பேட்டியில் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இது.

காட்டுப்பாக்கத்தில் ரைஹானாவைப் பார்க்கப் போனேன். முப்பது வயது இருக்கும். பகலில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறார். மூன்று வருடமாக, இறந்துபோன தன் அத்தா, அதாவது அப்பா, ஷேக் தாவூத்தைப் பற்றி ஒரு காமிக்ஸ் வரைகிறார். பூந்தமல்லியில் மெத்தை தைத்தவர் அவர்.

பக்கங்களைப் புரட்டினேன். கடை, தெரு, அம்மா எல்லாம் கறுப்பு மையில் இருந்தது. அத்தா மட்டும் வெளிர்நீலப் பென்சிலில் இருந்தார். முதலில் நீலத்தில் வரைந்து அதன்மேல் மை போடுவது காமிக்ஸ் வரைகிறவர்கள் வழக்கம். ஸ்கேன் செய்தால் நீலம் போய்விடும், மை மட்டும் நிற்கும். அவருக்கு ஏன் மை போடவில்லை என்று கேட்டேன்.

"போட்டா முடிஞ்சிடும்ணா. அவரு இப்டித்தான் இருந்தாருன்னு நானே முடிவு பண்ண மாதிரி ஆயிடும்."

அத்தாவை முடித்த பிறகுதான் அம்மாவுக்குக் காட்டப் போவதாகவும், அம்மா பார்க்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்றும் சொன்னார். அம்மா ஃபேஸ்புக் பார்ப்பதில்லை என்பதால் நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் போட அனுமதித்தார். அத்தா தரையில் உட்கார்ந்து மெத்தை தைக்கிறார், அம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசுகிறார். அதுதான் படம்.

டியூப் லைட் நிழல் விழுந்ததால், போனில் பேப்பரைப் பளிச்சென்று ஆக்குகிற ஸ்கேன் ஆப்பில் எடுத்தேன். எழுதியதை மூன்று முறை படித்துத் திருத்தினேன். படத்தைப் பார்க்காமலே அன்றிரவு பதிவைப் போட்டேன்.

மறுநாள் மதியம் ரைஹானா போன் செய்தார். ஒரு சொந்தக்காரர் அந்தப் பதிவை அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டாராம்.

"லேத்துல தலைமுடி கனத்துக்கு அளவு பாப்பீங்க. ஒரு ஆளு காணாம போனது தெரிலியா?"

திறந்து பார்த்தேன். மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தபடி அம்மா தனியாக, எதிரே யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பதிவை எடுத்துவிட்டேன். அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று ரைஹானா சொன்னார். மீதி நாளுக்கு லீவு சொல்லிவிட்டு காட்டுப்பாக்கம் போனேன்.

அம்மா வஹீதுன்னிசா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையது, அசல் தாளில் ஷேக் தாவூத் இருக்கிறார் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளிடம்தான் பேசினார்.

"மூணு வருசமா வரைஞ்சிகினு கீறே. என்னிய வரைஞ்சே, கடைய வரைஞ்சே. அவர மட்டும் உட்டுட்டியே."

ரைஹானா அசல் தாளை எடுத்து வந்து அம்மாவின் மடியில் வைத்தார். அந்த நீலம் ரொம்ப மெல்லியது. வஹீதுன்னிசா தாளை ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நீலக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் முழங்காலில் நிறுத்தினார்.

"ரெண்டு காலையும் மடக்கி உக்கார வச்சிருக்கே. அவுருக்கு எடது முட்டிய மடக்குனா வலிக்கும். லாரி ஸ்டாண்டுல உயுந்ததுல இருந்து நீட்டிக்கினுதான் தைப்பாரு."

தனக்கு அது தெரியாது என்றார் ரைஹானா.

"உனக்கெப்டி தெரியும்? நீ வந்தா மடக்கிக்குவாரு. புள்ள பாத்தா பயப்படும்னு."

ரைஹானா தாளை வாங்கித் தரையில் வைத்தார். காலை அழித்து, நீட்டி வரைந்தார். இவ்வளவு நீளமா என்று அம்மாவிடம் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றார் அம்மா. திருத்தினார். பிறகு பேனாவை எடுத்து மையில் தொட்டார். அம்மா கட்டிலிலிருந்து இறங்கி, தாளின் மறுமுனை நகராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நீட்டிய காலுக்கு மட்டும் அன்றைக்கு மை போட்டார். மேலே இன்னும் நீலம்தான். முகத்துக்கு எப்போது என்று நான் கேட்கவில்லை.

"காயட்டும்," என்றார் வஹீதுன்னிசா. தட்டில் சோறு போடச் சொன்னார்.