இருபது பாகைக் கூர்

என் மகள் ரொஷேல் தன் கல்யாணத்துக்கு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை.

"டடா, அண்டைக்கு மட்டும் நீங்க ஒண்டையும் திருத்தக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். முப்பத்தொரு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து கடிதங்களைத் தவிர எதையும் திருத்தாதவன், பென்ஷன் எடுத்த பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் கையில் அகப்பட்டதையெல்லாம் திருத்தத் தொடங்கியிருந்தேன். நான் திருத்திய வோஷிங் மெசின் கீழ்வீட்டுக்காரரின் கட்டிலை நனைத்தது. நான் திருத்திய அழைப்பு மணி யாரும் அழுத்தாமலே அடித்தது. அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

போதாக்குறைக்கு மாப்பிள்ளை ஹரிசனின் அம்மா. பத்மாவதி வெள்ளவத்தையில் இருப்பவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, முட்டையும் தொடாத சைவக்காரர். எங்கள் சேர்ச்சில் கல்யாணம் நடக்க அவர் சம்மதிப்பதற்கே எட்டு மாதம் பிடித்தது. வாய் சம்மதித்ததே தவிர முகம் இன்னும் சம்மதிக்கவில்லை. அவருக்காகவே ரொஷேல் கேக்கை முட்டையில்லாமல், வெள்ளைக் கேக்காகச் செய்யச் சொல்லியிருந்தாள். எல்லார் முன்னாலும் மாமிக்குத் தன் கையால் ஊட்டவேண்டும், அவர் மனம் கோணாமல் அதை வாங்கிச் சாப்பிடவேண்டும். அந்த நாளில் அவளுக்கு அதுதான் பெரிய காரியம்.

நான் வெறும் கையோடு போயிருக்கலாம். ஆனால் என் கோட் பொக்கெற்றில் உள்ளங்கைக்குள் அடங்கும் கத்தி தீட்டும் கருவி ஒன்று இருந்தது. ஒன்லைனில் வாங்கியது. ஒரு பக்கம் சொரசொரப்பான வைரத் தகடு, மறுபக்கம் வழுவழுப்பானது. தகட்டின் ஓரத்தில் இருபது பாகையில் ஒரு சரிவு. கத்தியை அந்தச் சரிவில் சாய்த்து, அதே சாய்வில் தகட்டின்மேல் இழுத்தால் கோணம் தவறாது. மடையனும் தீட்டலாம். அதனால்தான் எனக்குச் சரிவந்தது. வந்த வாரமே வீட்டுக் கத்திகள் எல்லாவற்றையும் தீட்டினேன், பாண் வெட்டும் கத்தியின் பற்கள் தேய்ந்து மறையும்வரை. கூர் பார்க்கிறேன் என்று மழித்து மழித்து என் இடது கையில் ஒரு மயிர் இல்லை. கல்யாணத்துக்கு நான் முழுக்கைச் சட்டை போட்டதில் என் மனைவி கொன்ஸ்ரன்ஸுக்குப் பெரிய நிம்மதி.

மகளின் கல்யாணத்துக்கு அதை ஏன் கொண்டுபோனாய் என்று கேட்காதீர்கள். கொன்ஸ்ரன்ஸ் கேட்டுக்கொண்டேயிருக்கிறாள்.

சேர்ச்சில் பூசை முடிந்து மணமக்கள் படமெடுக்கக் கடற்கரைக்குப் போனார்கள். மத்தியானச் சாப்பாடு மட்டக்குளியில் ஒரு ஹோலில். ரொஷேல் என்னை முன்னால் அனுப்பினாள்.

"கேக்குக்குப் பக்கத்தில இருங்கோ டடா. சும்மா இருந்தாக் காணும்."

சும்மா இருந்தேன், ஐந்து நிமிடம். கேக் நான்கு தட்டு. எங்கள் ஊர்க் கல்யாணக் கேக்கில் தட்டெல்லாம் றெஜிபோம், ரீவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே அந்த வெள்ளை நுரைக்கட்டி; மேலே ஐசிங். அடித்தட்டின் முன்பக்கம் ஒரு கையகலத்துக்கு மட்டும் உண்மைக் கேக்கை வைத்திருப்பார்கள். விருந்தாளிகளுக்குத் துண்டு பெட்டியில் தனியாக வரும். இதெல்லாம் எனக்கும் தெரியும்.

பக்கத்தில் வெள்ளை ரிபன் கட்டிய கத்தி. விரலால் தடவினேன். மொட்டை. இருநூறு பேர் முன்னால் என் பிள்ளை இதோடு மல்லுக்கட்டப் போகிறாளே! திருத்துவது வேறு, தீட்டுவது வேறு என்று மனச்சாட்சியிடம் சொன்னேன். அது ஒத்துக்கொண்டது. என்னுடைய மனச்சாட்சிதானே.

கால் மணித்தியாலத்தில் அந்தக் கத்தி மெனு கார்டைச் சத்தமில்லாமல் இரண்டாக்கியது.

வெட்டும் நேரம் வந்தது. மணமக்கள் சேர்ந்து பிடித்த கத்தி வெண்ணெய்க்குள் போவதுபோல் இறங்கியது. ஒருவருக்கொருவர் ஊட்டினார்கள். கைதட்டினார்கள். பெருமை தாங்காமல் பத்மாவதியிடம், "பாத்தீங்களா, என்ன சுகமா வெட்டுப்படுது" என்றேன். ரொஷேல் கத்தியைச் சற்று உள்ளே தள்ளி வைத்து, பெற்றோருக்காக இரண்டு மெல்லிய துண்டுகள் வெட்டினாள். முதல் துண்டு எனக்கு.

ஐசிங் கரைந்தது. மிச்சம் கரையவில்லை. கடித்தேன், பல்லில் கிறீச்சிட்டது.

கத்தி மொட்டையாக இருந்திருந்தால் கேக் முடிகிற இடத்தில் தானாகவே முரண்டுபிடித்து நின்றிருக்கும். நான் தீட்டிய கூருக்குக் கேக்கும் றெஜிபோமும் ஒன்றுதான். இரண்டும் வெள்ளை வேறு.

இரண்டாவது துண்டு பத்மாவதியின் வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவரும் வாயைத் திறந்துவிட்டார்.

யோசிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. கழுத்தை நீட்டி அந்தத் துண்டையும் கவ்விக்கொண்டேன்.

"ஒஸ்வால்டுக்குச் சரியான பசி போல" என்று பின்னால் யாரோ என் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். பத்மாவதி திறந்த வாயை மெதுவாக மூடினார். கொன்ஸ்ரன்ஸ் தரையைப் பார்த்தாள். ரொஷேலின் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"என்ன டடா இது? அது மாமிட துண்டு."

வாய் கொள்ளாத றெஜிபோம், நான் எப்படிப் பேசுவது? அவள் என் மீசையில் ஒட்டியிருந்த வெள்ளை மணி ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். என் கோட் பொக்கெற்றைப் பார்த்தாள்.

"தீட்டினீங்களோ?"

தலையாட்டிவிட்டு, துப்புவதற்குக் கைக்குட்டையை எடுத்தேன். என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"விழுங்குங்கோ. கமரா பாக்குது."

விழுங்கினேன். அவள் முன்பக்கத்தில் மிஞ்சியிருந்த உண்மைக் கேக்கில் ஒரு துண்டு வெட்டி, "டடாவுக்குக் கேக் எண்டா உயிர், மாமி. கோவிக்காதேங்கோ" என்று ஊட்டினாள். பத்மாவதி மென்றபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். எட்டு மாதமாக இறுகியிருந்த முகம் இளகி, சிரிப்பு வந்துவிட்டது.

"பாவம் மனிசன். அவருக்கு இன்னொரு துண்டு குடு, பிள்ளை."

அவர் என் மகளைப் பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரொஷேல் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் ஊட்டிய மூன்றாவது துண்டு உண்மைக் கேக். நல்ல ருசி என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பழக்கதோஷத்தில் அதையும் மெல்லாமலே விழுங்கிவிட்டேன்.