கிறிஸ்தோப்பர் கரையேறிய ஊர்கள்

கொழும்பில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஹோட்டல் ஒன்றின் ஜாஸ் பாண்டில் லியோன் டபுள் பேஸ் வாசித்தான். ஆளைவிட உயரமான வாத்தியம். முன்னுக்கு நின்று ஊதுகிறவர்களுக்குத்தான் கைதட்டு விழும். பின்னால் நின்று தந்தியைச் சுண்டுகிறவன் கையை எடுத்தால் ஆடுகிறவர்களின் கால் பின்னிப்போகும் என்பது அவனுக்கும் டிரம்காரனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் அவனுடைய அண்ணன் கிறிஸ்தோப்பர் கடலோடு போனான். வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரையொதுங்கவில்லை. உடல் இல்லாமல் எப்படிச் செத்தவீடு நடத்துவது? சொந்த ஊரில், நாரந்தனை வேதக்கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. அண்ணன் மனைவி மேரிறோஸ் கறுப்புச் சேலை உடுக்கவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அக்கரையில் இராமேஸ்வரம் என்று ஆள்விட்டுத் தேடிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஈஸ்டருக்கு, பாஸ்குத் திருநாளுக்கு, லியோன் ஊருக்கு வந்தான். வாத்தியத்தை ஹோட்டலில் விட்டுவர மனமில்லாமல் கூடவே கொண்டுவந்தான். கறுப்புத் துணியுறை போட்டு, பஸ் கூரையில் கிடத்திக் கட்டியிருந்தது. வழியில் அல்லைப்பிட்டியில் அதைக் கண்ட யாரோ ஒரு புண்ணியவான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பஸ் பிந்தினாலும் செய்தி பிந்தாது. நாரந்தனையில் பஸ் நிற்கும்போது பாதி ஊர் தெருவில் நின்றது. கிறிஸ்தோப்பரின் சவம் வருகுதென்று பெண்கள் ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால், கண்ணில் ஒரு சொட்டு நீரில்லாமல், மேரிறோஸ்.

லியோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறக்கினான், உறையைக் கழற்றினான். ஒப்பாரி பாதியில் நின்றது. அப்போது மேரிறோஸ் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவிலேயே குந்திவிடுகிற அளவுக்குச் சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்ததை யாரும் கண்டதில்லை. அந்தச் சிரிப்போடு லியோனின் கதை முடிந்தது. யாரிடமும் சொல்லக்கூடிய ஆசையா அது!

"உந்த வாத்தியத்தை ஒருக்கா வாசியும், பாப்பம்," என்றாள் பின்னேரம்.

தானே கட்டிய மெட்டு ஒன்றை வாசித்தான். பள்ளிக்கூடத்திலேயே தேசப்படத்தின் நீலத்தில் இல்லாத தீவுகளைக் கீறி அடிவாங்கியவன். இப்போது அடிப்பதற்கு ஆளில்லை. கீறுவதற்குப் பதிலாகத் தந்தியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"இது எந்த ஊர்?"

"இல்லாத ஊர், மச்சாள். நானாய் நினைச்சது."

"அங்கை நல்ல தண்ணி இருக்கோ?"

"இருக்கு," என்றான், யோசிக்காமல்.

"அப்ப இவர் அங்கை கரையேறியிருக்கலாம்."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டமாதிரிப் பாக்காதேயும், லியோன். இருக்கிற ஊரெல்லாம் தேடியாச்சு."

அன்றிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் ஓர் ஊர் கட்டிக்கொண்டு வந்தான். அவளும் லேசில் விடுகிற ஆளல்ல. கோயில் இருக்கோ, மணிச்சத்தம் கேக்கேல்லையே என்பாள்; அடுத்தமுறை மணி அடிக்கும். இவருக்கு மரவள்ளிக்கிழங்கு பிடிக்குமே என்பாள். அதை எப்படித் தந்தியில் நட்டானோ, நட்டான். கொழும்பில் அதே மெட்டுகளுக்கு வெள்ளைக்காரர் கட்டிப்பிடித்து ஆடினார்கள். நாரந்தனை மீனவன் ஒருவன் குடியிருக்கும் வளவுக்குள்தான் ஆடுகிறோம் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

பஸ் வரும் நேரம் மேரிறோஸ் வாசற்படலையைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள். அந்த ஒரு காட்சிக்காகவே லியோன் ஆறு மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஆனால் ஊர்கள் அழகாக அழகாக, கிறிஸ்தோப்பர் அங்கே சுகமாகக் காலை நீட்டிக்கொண்டிருந்தான். தம்பியின் கையாலேயே தண்ணீரும் மரநிழலும் கிடைக்கும்போது அவன் ஏன் சாகப்போகிறான்?

ஆண்டுகள் போயின. ஒருநாள் லியோன் வெட்கத்தை விட்டுப் பங்குச் சுவாமியாரிடம் கேட்டான். கிறிஸ்தோப்பர் இறந்ததாக ஏற்று ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைத்தபின், மேரிறோசுக்குச் சம்மதமென்றால், ஆயர் ஆண்டகையிடம் எழுதிக் கலியாணத்துக்கு அனுமதி எடுக்கலாம் என்றார் அவர். ஆனால் பூசைக்கு அவள் உடன்பட வேண்டுமே.

லியோன் கொழும்புக்குப் போய் இன்னோர் ஊர் கட்டினான். செய்யக் கூடாத வேலைதான். செய்யும்போதே அவனுக்கு அது தெரியும்.

அடுத்த லீவில் அதை வாசித்தான். மேரிறோஸ் வழக்கம்போலக் கேட்கத் தொடங்கினாள்.

"தண்ணி?"

"இல்லை."

"மரம்?"

"இல்லை, மச்சாள். பாறைத் திட்டு."

"அந்தப் பக்கம் வள்ளம் ஏதும் வருமோ?"

வரும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தந்தியைத் தட்டினாலே போதும், வள்ளம் வந்திருக்கும். லியோன் தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

மேரிறோஸ் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போனாள். அழுகைச் சத்தம் கேட்டது. இத்தனை காலமும் சேர்த்துவைத்த அழுகை. திரும்பி வந்து, "பூசைக்குச் சுவாமியிட்டைச் சொல்லும்," என்றாள்.

துக்கமணி அடித்தது. பூசை நடந்தது. கறுப்புச் சேலை உடுத்தாள். லியோன் கொழும்புக்குப் போய், ஒப்புக்குக் கொஞ்ச மாதம் விட்டு, திரும்பி வந்தான். படலை சாத்தியிருந்தது. தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

கேட்க வந்ததை ஒருவழியாகக் கேட்டான். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவனை அடித்துப்போட்டது.

"அவரின்ரை சேதி கொண்டுவாற ஆள் எண்டுதான் உம்மைப் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றாள். "இனி என்ன சேதி?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணனைச் சாகடித்த கையோடு, அந்த வீட்டில் தனக்கிருந்த ஒரே இடத்தையும் அழித்துவிட்டிருந்தான். அவசர அவசரமாக வாத்தியத்தின் உறையைக் கழற்றத் தொடங்கினான்.

"இல்லை மச்சாள், நான் முழுக்க வாசிக்கேல்லை. அந்தத் திட்டுக்கு ஒரு கப்பல் வந்தது. அண்ணையை ஏத்திக்கொண்டு போனது. கேளுங்கோவன், அங்காலை ஒரு பெரிய ஊர், ஆறு ஓடுற ஊர்…"

மேரிறோஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செத்த மனிசனை இனி அலைக்காதேயும், தம்பி," என்றாள்.