வண்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

"ஹை! ஹை! ஏறுங்கடா!"

திருவேங்கடம் தலைக்கயிற்றை முழு பலத்தோடு இழுத்தான். காளைகள் அசையவில்லை. சக்கரம் குழியில் சிக்கி, கரும்பு வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. பின்னால், சேன் பியேர் இறக்கத்து அந்திப் பனிக்குள், ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது.

கண்ணை மூடிக்கொண்டான். பிரேக் கிறீச்சிட்டது. ஆனால் மோதவில்லை.

"போன்ஜே! கடவுளே!" லாரி ஓட்டுநர் ஜெரார் கீழே குதித்தான். "நல்லவேளை, உன் சிவப்பு விளக்கு கண்ணுல பட்டுச்சு. இல்லேன்னா நீயும் நானும் சேந்து சர்க்கரையாகியிருப்போம்!"

"என் வண்டியிலயா? விளக்கா? யார்கிட்ட விளையாடுற?"

மாட்டு வண்டிகளும் பின்னால் சிவப்பு விளக்கு கட்ட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தப்போகிறார்கள். அதை எதிர்த்து நாளைக் காலை மோக்காவில், விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்லப்போகிறவனே திருவேங்கடம்தான். 'பின்னால் விளக்கு கட்டினால் மூன்றே நாளில் தோகை தீப்பிடிக்கும்!' அவன் ஊரெல்லாம் சொல்லிவைத்த பேச்சு.

பின்பக்கம் போய்ப் பார்த்தான். கரும்பு நுனிக்கும் லாரி மூக்கிற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. வண்டியின் அடிக்கட்டையில் சிவப்புக் கண்ணாடி லாந்தர் ஒன்று சாவகாசமாக எரிந்துகொண்டிருந்தது. முன்னால் போய்க் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவன் தன் வண்டியின் பின்பக்கத்தை எங்கே பார்க்கிறான்? பாரம் ஏற்றியதும் அங்கே கயிற்றை முடிச்சுப் போடுவது அவன் மனைவி பாக்கியம்.

வண்டியைக் குழியிலிருந்து மீட்டு, ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு, லாந்தரும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தான்.

"மண்ணெண்ணெய் மாயமாப் போகுதுன்னு கத்துனேனே, இதுதான் குடிச்சதா?"

நடந்ததைக் கேட்டதும் பாக்கியம் அவன் தோளையும் கையையும் தடவிப் பார்த்தாள். "முழுசா வந்து சேந்தீங்களே, அது போதும் சாமி!"

"நேத்து நான் சாட்சியம் ஒப்பிச்சப்போ தலையாட்டிக் கேட்டியேடி!"

"கேட்டேன். நல்லாத்தான் பேசுனீங்க."

அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உயிர் தப்பியவனின் சிரிப்பு, அடங்கவே இல்லை. "நாளைக்கு நான் என்னன்னு சத்தியம் பண்ணுவேன்? விளக்கு கட்டினா மூணே நாள்ல தோகை தீப்பிடிக்கும்னா? இதை எப்போலேருந்து கட்டுற?"

பாக்கியம் முந்தானையால் லாந்தர் கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஆலையில எங்க கோபாலன் அண்ணன்தான் தினமும் உங்க கண்ணுல படாம இதைக் கழட்டி, வண்டிச் சாக்குக்குள்ள ஒளிச்சு அனுப்பும். இன்னிக்குத்தான் அது வேலைக்கு வரலை" என்றாள். "கரும்பு வெட்டு ஆரம்பிச்ச அன்னிக்கே கட்டிட்டேன். இன்னியோட நாப்பத்தோரு நாள்."